பொது வேலைகளில் உதவினார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு மலேசியா முழுவதும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஐந்து நாள் பயிற்சி. ஒரு மண்டபம், நூற்றிருபது ஆசிரியர்கள், ஆளுக்கொரு தடித்த கோப்பு. ஐந்தாம் நாள் மத்தியானம் பிரியாணி போட்டு, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இரண்டு மாதம் கழித்துச் சில பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தேன். கோப்புகள் அலமாரியில் பத்திரமாக இருந்தன. சிலவற்றில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பிள்ளைகள் பழையபடி வரிசையாக உட்கார்ந்து, ஒரே குரலில் பாடப்புத்தகத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மண்டபத்தில் நாங்கள் பேசினோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவர்கள் தனியாக நின்றபோது எங்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லை.

என் பெயர் மீனலோசனி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தைந்து வருஷம் கல்வித் துறையில் இருந்துவிட்டேன். என் மேலதிகாரி யோகநாதனும் எங்களைப் போல யாழ்ப்பாணத்து ஆள்தான். வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் பார்த்துக்கொள்வோம்.

"ஒரு பள்ளிக்கூடம் குடுங்கோ. ஒவ்வொரு வியாழனும் போறன். வகுப்பிலை பின்னுக்கு இருந்து பாக்கிறன். ஆசிரியர் எங்கை தடுமாறுறாவோ, அங்கை சேந்து இருந்து யோசிக்கிறன். ஒரு வருஷம் போதும்," என்று அவரிடம் கேட்டேன்.

"ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருஷமோ?" என்று சிரித்தார். எட்டு மாதம் விடாமல் கேட்ட பிறகு, எண்பத்து நான்கு ஜனவரியில் அனுமதி வந்தது. "பரிசோதனை முயற்சி" என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள்.

எனக்குக் கொடுத்த பள்ளி போர்ட் கிள்ளான் போகும் சாலையில், கிடங்குகளுக்கு நடுவில் இருந்த பலகைக் கட்டடம். லோரி போகும்போதெல்லாம் ஜன்னல்கள் அதிரும். துறைமுகத் தொழிலாளர்களின் பிள்ளைகளும், பக்கத்துத் தோட்டத்தில் மிஞ்சியிருந்த சில குடும்பங்களின் பிள்ளைகளும் படித்தார்கள். முதலாம் ஆண்டு வகுப்பாசிரியை தனலெட்சுமி. வயது இருபத்து மூன்று. பயிற்சி பெறாத தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு நவம்பரிலும் வேலையை விட்டு நிறுத்துவார்கள். ஜனவரியில் மறுபடி கூப்பிடுவார்கள். அது அவளுக்கு மூன்றாவது வருஷம்.

முதல் வியாழன் என்னைப் பார்த்ததும் அவள் அவசரமாகப் பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்தாள். சோதனை செய்ய வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நாற்பத்தொரு பிள்ளைகளும் மூச்சு விடாமல் ஒரு பாடம் முழுவதையும் ஒப்பித்தார்கள். வகுப்பு முடிந்ததும், "இதில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் வாசிக்கிறாங்களே, டீச்சர்."

ஒரு பழைய கடித உறையை எடுத்து, ஒரு சொல் மட்டும் தெரியும் அளவுக்குச் சின்ன ஓட்டை வெட்டினேன். "இதைப் பக்கத்தின் மேல் வைத்து, ஓட்டையில் என்ன சொல் தெரிகிறது என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். அடுத்த வாரம் பேசுவோம்," என்றேன்.

அடுத்த வியாழன் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஒம்பது பேருதான் டீச்சர். மத்ததெல்லாம் மனப்பாடம். மூனு வருஷமா நான் என்னதான் செஞ்சிக்கிட்டு இருந்தேன்?"

இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ வகுப்பறைகளுக்குப் போயிருக்கிறேன். குறை பிள்ளைகளிடம், பெற்றோரிடம், அரசாங்கத்திடம் என்று சொன்னவர்கள்தான் அதிகம். தன்னைத்தானே முதலில் கேட்டுக்கொண்டவளை அன்றுதான் பார்த்தேன்.

புதிய திட்டம் பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரிக்கச் சொன்னது. ஆசிரியை ஒரு குழுவோடு பாயில் உட்கார்ந்து வாசிக்க வைக்கும்போது மற்றக் குழுக்கள் தாங்களாக ஏதாவது செய்ய வேண்டும். மண்டபத்தில் இதைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்திருந்தேன். வகுப்பில் அதைச் செய்து பார்த்தபோது மூன்றாவது நிமிஷமே கலவரம். ஒருவன் இன்னொருவனைப் பென்சிலால் குத்தினான். இரண்டு பேர் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டார்கள். தனலெட்சுமி எழுந்து ஓடினாள். அவள் எழுந்ததும் பாயில் இருந்த குழுவும் கலைந்தது.

"நாம இத விட்டுடலாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"வேணாம் டீச்சர். ஒரே ஒரு குழு, பத்து நிமிஷம். அவ்வளவுதான். மத்தவங்களுக்கு நான் எதாவது செஞ்சி வைக்கிறேன்."

கிடங்குகளில் தூக்கிப் போடும் அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து, வெட்டி, சொற்களை எழுதினாள். பாடப்புத்தகத்துச் சொற்கள் இல்லை. கப்பல், லோரி, கிரேன், மீன், மிதிவண்டி, அப்பா பெயர், தம்பி பெயர். பிள்ளைகள் தினமும் பார்க்கும், பேசும் சொற்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவி. டீச்சர் பாயில் இருக்கும்போது யாரும் டீச்சரிடம் வரக் கூடாது. தலைவியிடம்தான் கேட்க வேண்டும். இந்த விதியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்தது.

மார்ச் மாதம் ஒரு சிக்கல் வந்தது. பிள்ளைகள் அட்டையை வைத்துக்கொண்டு பேசும் சத்தம் தலைமையாசிரியர் பழனியப்பனின் அறைவரை கேட்டது. பிரம்போடு வந்து கதவைத் தட்டினார்.

"என்ன இது, பாசாரா? சந்தைக் கடை மாதிரி சத்தம்!"

அன்றே அவள் பிள்ளைகளை மறுபடி வரிசையில் உட்கார வைத்துவிட்டாள். அடுத்த வியாழன் அதைப் பார்த்தபோது என் தவறுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு மாதமாக அவளோடு உட்கார்ந்த நான் பழனியப்பனோடு ஒரு நாளும் உட்காரவில்லை. அவரைக் கூட்டிவந்து கதவுக்கு வெளியே நிற்க வைத்தேன். "பத்து நிமிஷம் சத்தத்தை மட்டும் கேளுங்க சார். சண்டைச் சத்தம் எது, படிக்கிற சத்தம் எது என்று எனக்குச் சொல்லுங்க." முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு பெண் குழந்தை "கி-ரே-ன்" என்று எழுத்துக் கூட்டியதும், சுற்றி இருந்த நாலு பேர் கத்தினார்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ரெஹாட் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் செய்யச் சொல்லுங்க," என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

செப்டம்பரில், முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை முப்பத்து மூன்று பிள்ளைகள் வாசித்தார்கள். மிச்சம் எட்டுப் பேரில் யார் எந்த எழுத்தில் தடுக்குகிறார்கள் என்று தனலெட்சுமி நோட்டுப் புத்தகம் பார்க்காமலே சொன்னாள்.

ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. மூன்றாம் ஆண்டு எடுத்த பக்கிரிசாமி, பதினேழு வருஷம் சர்வீஸ், பயிற்சி பெற்றவர், முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"எழுபதுல புதுக் கணக்குன்னு ஒன்னு கொண்டாந்தாங்க டீச்சர். நானும் குச்சி, மணின்னு ராத்தூக்கம் இல்லாம செஞ்சி வச்சேன். ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல. கொஞ்ச வருஷத்துல அதுவும் போச்சு. இதுவும் போயிடும்லா. எதுக்கு அந்தப் பொண்ணப் போட்டு வாட்டுறீங்க?"

அவர் சொன்னதில் என்னால் மறுக்க முடியாதது நிறைய இருந்தது. அவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பது உண்மைதான்.

அக்டோபரில் மாநிலக் கல்வி அதிகாரிகள் மூன்று பேர் இந்த வகுப்பைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலை எட்டு மணிக்குப் போனேன். முதலாம் ஆண்டு வகுப்பில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு பக்கிரிசாமி நின்றிருந்தார். என் கண்ணைப் பார்க்காமல் கரும்பலகையைத் துடைத்தார்.

பழனியப்பன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "டீச்சர், தற்காலிக ஆளக் காட்ட முடியாது. ட்ரெய்னிங் இல்லாதவங்கள வச்சா புதுத் திட்டத்த நடத்துறீங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? மிஸ்டர் யோகநாதன் கிட்ட நேத்தே கேட்டுட்டேன். அவரு ஓகேன்னுட்டாரு. ஒரு மணி நேரம்தானே லா."

"தனலெட்சுமி எங்கே?"

"கேன்டீன்ல. தேத்தண்ணி, கறிபாப் எல்லாம் பாத்துக்கிறாங்க."

அதற்குள் கார் வந்து நின்றது. இதை நான் மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை: வாயைத் திறக்க எனக்கு முழுதாக ஐந்து நிமிஷம் இருந்தது. நான் திறக்கவில்லை. அதிகாரிகளுக்கு வணக்கம் சொல்லி, சிரித்துக்கொண்டே வகுப்புக்குக் கூட்டிப் போனேன்.

வகுப்பைப் பிள்ளைகளே நடத்தினார்கள். யாரும் சொல்லாமலே அட்டைகளை எடுத்தார்கள், குழுவாகப் பிரிந்தார்கள், தலைவிகள் வேலையை ஆரம்பித்தார்கள். பக்கிரிசாமி எங்கே நிற்பது என்று தெரியாமல் பாயின் ஓரத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழுத் தலைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், நீங்க இங்க நிக்கக் கூடாது. டீச்சர் எங்ககூட பாயிலதான் உக்காருவாங்க."

அதிகாரிகளில் தமிழ் தெரிந்த ஒருவர் அதை மலாயில் மற்றவர்களுக்குச் சொன்னார். மூவரும் ரசித்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் எவ்வளவு துணிச்சலாகப் பேசுகிறார்கள், எல்லாம் ஆசிரியரின் திறமை என்று பக்கிரிசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

பிறகு பழனியப்பன் அறையில் உட்கார்ந்தோம். தனலெட்சுமி தட்டோடு வந்தாள். ஒருவர் தலை நிமிராமல் "தெரிமா காசே" என்று மலாயில் நன்றி சொன்னார். ஒவ்வொருவர் முன்னாலும் கோப்பையை வைத்துக்கொண்டு வந்தவள் என் முன்னாலும் ஒன்று வைத்தாள்.

"சீனி போட்டிருக்கேன் டீச்சர்," என்றாள். அவ்வளவுதான்.

அந்தத் தேத்தண்ணியை நான் குடித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

நவம்பரில் அறிக்கை எழுதினேன். வகுப்பை நடத்தியவர் தனலெட்சுமி, சொல்லட்டைகளும் குழு விதிகளும் அவர் உருவாக்கியவை என்று தெளிவாக எழுதினேன். யோகநாதன் சிவப்பு மையால் அந்தப் பத்தியை அடித்து, பக்கிரிசாமியின் பெயரைப் போட்டுத் திருப்பி அனுப்பினார். நேரே அவர் அறைக்குப் போனேன்.

"இது பொய்."

"மீனலோசனி, அதிகாரியள் பாத்தது ஆரை? பக்கிரிசாமியை. படத்திலை நிக்கிறது ஆர்? பக்கிரிசாமி. இப்ப வேறை பேரைப் போட்டா எல்லாருக்கும் தலையிடி. ஏன் சின்ன விசயத்தைப் பெருப்பிக்கிறீங்கள்?"

"அந்தப் பிள்ளைக்கு இது சின்ன விசயம் இல்லை."

"இதிலை கையெழுத்து வையுங்கோ. வாற வருசம் இன்னும் நாலு பள்ளிக்கூடத்துக்கு உங்களை விடுறன். ஆரம்பத்திலை இதைத்தானே கேட்டனீங்கள்?"

நான் கையெழுத்துப் போட்டேன். நாலு பள்ளிகள், நாலு ஆசிரியர்கள், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் முப்பதாம் தேதி வழக்கம்போல் தனலெட்சுமியை நிறுத்தினார்கள். ஜனவரியில் மறுபடி கூப்பிடவில்லை. மாநில அதிகாரிகளே பாராட்டிய ஆசிரியர் பள்ளியில் இருக்கிறார், முதலாம் ஆண்டை அவருக்கே கொடுங்கள் என்று மேலிருந்து உத்தரவு. எனக்கு வாக்குக் கொடுத்த நாலு பள்ளிகளும் வரவில்லை. "முயற்சி வெற்றிகரமாக நிறைவுபெற்றதால் வாராந்திர வருகை இனித் தேவையில்லை" என்று ஒரு வரிக் கடிதம்தான் வந்தது. வெற்றி என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். அதையே காட்டி என் வாயை அடைத்துவிட்டார்கள்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கிரிசாமி என் வீட்டுக்கு வந்தார். கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து, விசாரித்து விசாரித்து வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என்னால முடியல டீச்சர். புதுப் பிள்ளைங்க. குழு பிரிச்சா சண்டை. ரெண்டு வாரம் பாத்துட்டு வரிசையிலயே உக்கார வச்சிட்டேன். அன்னைக்கு நான் சும்மா நின்னேன், அதுங்கதான் பாடம் நடத்துச்சுங்க. இப்ப வேற பள்ளிக்கூடத்துலேருந்துலாம் என்னோட வகுப்பப் பாக்க வராங்களாம். நான் எதக் காட்டுறது?"

"நான் வர அனுமதி இல்லை, பக்கிரிசாமி. எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள்."

"தெரியும் டீச்சர். தனியாப் போய் அந்தப் பொண்ணு மூஞ்சப் பாக்கத்தான் எனக்குத் தைரியம் இல்ல."

என் காரிலேயே இரண்டு பேரும் போனோம். போர்ட் கிள்ளானில், தகரக் கூரை போட்ட வாடகை வீடு. தனலெட்சுமி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துறைமுகக் கிடங்கொன்றில், வந்து இறங்கும் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கும் வேலை, மத்தியானம் மூன்று மணி ஷிப்ட் என்றாள். நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். தான் உட்காரவில்லை.

பக்கிரிசாமி வந்த காரியத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வந்து சொல்லிக்குடுக்கணும். அப்புறம் ஆபீசருங்க வந்தா, தேத்தண்ணி ஊத்தணும். அப்படித்தானே சார்?"

"அப்படி இல்லமா..."

"பின்ன எப்படி? உங்களுக்கு வேணும்ங்கிறப்ப மட்டும் நான் டீச்சர். வேணாம்னா கேன்டீன் ஆளு." என் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான் டீச்சர். அவரு ஒன்னும் என்கூட ஒரு வருஷம் உக்காரல. நீங்க உக்காந்தீங்க. நீங்களே ஒரு வார்த்த பேசல."

"இல்லை. பேசவில்லை. அதற்கப்புறம் அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன்," என்றேன்.

அது அவளுக்குத் தெரியாது. உள்ளே போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பழனியப்பன் கொடுத்த பணிச் சான்றிதழ். மலாயில் இரண்டே வரி: மேற்படி நபர் மூன்று ஆண்டுகள் இப்பள்ளியின் பொது வேலைகளில் உதவினார். நன்னடத்தை உள்ளவர்.

"ரெண்டு தடவ டீச்சர் காலேஜுக்கு மனு போட்டேன், கிடைக்கல. இந்தத் தடவ மூனு வருஷம் படிச்சுக்குடுத்த அனுபவம் இருக்குன்னு காட்டலாம்னு போய்க் கேட்டேன். இததான் எழுதிக் குடுத்தாரு. கூட்டுனேன், கழுவுனேன்னு போய்ச் சொல்லவா?"

அந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். வகுப்பு என்ற சொல்லோ, பிள்ளைகள் என்ற சொல்லோ அதில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு அந்த வகுப்பில் நிறுத்தியதே இந்தப் பழனியப்பன்தான். அவள்தான் அந்த வகுப்பை எடுத்தாள் என்று சான்றிதழில் எழுதினால் அறிக்கையின் பொய் வெளியே தெரிந்துவிடும் என்பதற்காக, அவள் பாடம் நடத்தவே இல்லை என்பதுபோல் எழுதிவிட்டார்.

பக்கிரிசாமியும் அதை வாங்கி வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். "அந்த வகுப்பு என்னோடது இல்லன்னு நான் எழுதித் தரேன்," என்றார்.

"எழுதிக் குடுங்க சார். குடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

அந்த வாரமே நான் எழுதினேன். யோகநாதன் வழியாக அனுப்பவில்லை. நேரே மாநில அதிகாரிக்கு அனுப்பினேன். நவம்பரில் நான் கையெழுத்திட்ட அறிக்கையில் ஆசிரியரின் பெயர் பொய், அது பொய் என்று தெரிந்தே கையெழுத்திட்டேன் என்று முதல் வரியிலேயே எழுதினேன். வகுப்பை யார் நடத்தினார், என்ன செய்தார், எத்தனை பிள்ளைகள் வாசித்தார்கள் என்பதை மாதவாரியாகக் கொடுத்து, தனலெட்சுமியின் பணிச் சான்றிதழ் நகலையும் இணைத்தேன். கடைசியில், வாராந்திர வருகையை நிறுத்தியது தவறு, ஓர் ஆசிரியர் புதிய முறையைப் பிடித்துக்கொள்ள ஒரு வருஷமும், விட்டுவிடாமல் இருக்க இன்னொரு வருஷமும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்றும் சேர்த்தேன். பக்கிரிசாமி அரைப் பக்கம் எழுதி, அடையாளக் கார்டு எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டார். ஒரு நகலைத் தானே கொண்டுபோய்ப் பழனியப்பனின் மேசையில் வைத்தார்.

"உனக்கென்ன பைத்தியமா பக்கிரி? உன் பேரு மேலிடத்துல இருக்கு. ப்ரமோஷன் வர நேரம்!"

"அந்தப் பேருதான் சார் எனக்குத் தூக்கமே இல்லாம பண்ணுது."

இதை அவரே எனக்குச் சொன்னார். பழனியப்பன் அதற்குப் பிறகு மூன்று மாதம் வேலை விஷயம் தவிர அவரோடு பேசவில்லையாம்.

தனலெட்சுமி தன் நிபந்தனைகளைச் சொன்னாள். வியாழக்கிழமை காலையில் வருவாள். மத்தியானம் ஷிப்டுக்குப் போய்விடுவாள். வருகைப் புத்தகத்தில் ஆசிரியை என்று எழுதித்தான் கையெழுத்துப் போடுவாள். வகுப்பில் நாற்காலி வேண்டும். பழனியப்பன் முடியாது என்றார். அப்படியானால் முதலாம் ஆண்டைத் தன்னால் எடுக்க முடியாது என்று மாநில அதிகாரிக்கு இன்னொரு கடிதம் எழுதுவேன் என்று பக்கிரிசாமி சொன்னார். பழனியப்பன் நாற்காலியைப் போடச் சொன்னார்.

நான் என் விடுப்பு நாட்களை எடுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் தனலெட்சுமி அவரிடம் சொன்னாள்: "சார், நீங்க ரொம்பப் பேசுறீங்க."

"பதினெட்டு வருஷமாப் பேசிப் பழகிடுச்சுமா."

"பிள்ளைங்க உங்க வாயவே பாத்துக்கிட்டு இருக்கு, அட்டையப் பாக்க மாட்டேங்குது. நாளைக்கு ஒரு குழு, பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் பாயில உக்காந்துடுங்க. மத்தவன் வந்து கூப்பிட்டாலும் எந்திரிக்காதீங்க."

"அடிச்சிக்கிட்டா?"

"ரத்தம் வந்தா எந்திரிங்க."

அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள், மன்னிக்கவில்லை. அப்படியும் ஒருவரோடு ஒருவர் வேலை செய்ய முடியும் என்பதை அந்த மாதங்களில் பார்த்தேன். ஆகஸ்டில் அவர் மூன்று குழுக்களையும் நடத்தினார். அவர் குரல் வகுப்புக்கு வெளியே கேட்பது நின்றுபோனது. இரண்டாம் ஆண்டு ஆசிரியை ஓய்வு நேரத்தில் வந்து கதவோரம் நின்று பார்க்க ஆரம்பித்தார்.

மே மாதமே எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. மேலதிகாரியைத் தாண்டி ஏன் எழுதினேன் என்று கேட்டிருந்தார்கள். உண்மையைச் சிவப்பு மையால் அடித்தவரே மேலதிகாரி என்பதால்தான் என்று ஒரே வரியில் பதில் போட்டேன். அந்த மாதக் கடைசியில் என்னை அம்பாங்கில் இருந்த பாடநூல் கிடங்குக்கு மாற்றினார்கள். யோகநாதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பணிச் சான்றிதழைப் பற்றிப் பழனியப்பனிடம் மாநில அலுவலகம் விளக்கம் கேட்டபோது, தட்டச்சுப் பிழை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு முழு வாக்கியம் தட்டச்சுப் பிழையாம்! அதையும் ஏற்றுக்கொண்டார்கள். முதலாம் ஆண்டு வகுப்பாசிரியையாகப் பணியாற்றினார் என்று புதுச் சான்றிதழை அலுவலகப் பையன் வழியாக அனுப்பினார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் தனலெட்சுமிக்கு ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. பக்கிரிசாமி என் பாடநூல் கிடங்கு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு எனக்குச் சொன்னார். அவளும் நாலு வரிக் கடிதம் போட்டாள். இண்டர்வியூவில் அரை மணி நேரம் குழு முறையைப் பற்றியே கேட்டார்கள், தயங்காமல் சொன்னேன் என்று எழுதியிருந்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் யோகநாதன் எதிரில் வந்தார். மனைவியோடு வந்திருந்தார்.

"அந்தப் பிள்ளைக்குக் காலேஜ் கிடைச்சிட்டுதாமே? எல்லாம் நல்லபடியா வந்திட்டுது தானே, மீனலோசனி," என்றார்.

"நல்லபடியா வரேல்லை. முப்பத்து மூண்டு பிள்ளையளை வாசிக்க வைச்சவள் ஒரு வருசம் கிடங்கிலை பெட்டி எண்ணினவள். நீங்களும் நானும் அவளின்ரை பேரை அழிச்சதாலை. அதுக்கு ஆர் பதில் சொல்லுறது? நான் என்ரை பங்கை எழுதிக் குடுத்திட்டன். நீங்கள் எப்ப எழுதப் போறீங்கள்?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோவிலில் ஏன் இந்தக் கதை என்று அவர் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் செருப்பைத் தேடத் தொடங்கினார். தேடி, மாட்டி, கார்வரை நடந்து போகும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.